பதினேழாம் தாள்

காலை 10.20. பதினேழாம் தாளைக் காணவில்லை.

ஆவணக் காப்பாளர் இரண்டு முறை எண்ணினார். பதினைந்து, பதினாறு, அப்புறம் எதுவும் எழுதாத ஒரு பச்சை அட்டை, அதற்கடுத்துப் பதினெட்டு. மூன்றாம் முறையும் எண்ணிவிட்டு மேலிடத்துக்குச் சொல்லி அனுப்பினார். படைத்துறை ஆவணக் காப்பகத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறார். அவர் பொறுப்பில் இருந்து ஒரு துண்டுக் காகிதம்கூடத் தொலைந்ததில்லை.

10.35. உள்விசாரணை அதிகாரி வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. அலுவலகத்தில் அவருக்கு 'ஊசிக்கண்' என்று பட்டப்பெயர். அது தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பார்.

படிப்பறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வலது கையில் இரண்டு விரல் இல்லாத முன்னாள் படைவீரர் ஒருவர். அவரை அழைத்து வந்திருந்த மகன். கொஞ்சம் தள்ளி, மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி, வீரரின் பழைய தோழருடைய மனைவி.

"யாரோட மனு?" என்றார் ஊசிக்கண்.

"என்னோடது மேடம்," என்றார் வீரர்.

"விடுவிப்புச் சான்றுல எந்தப் பதக்கம் விட்டுப்போச்சு?"

"எதுவும் விட்டுப்போகல. ஒண்ணு கூடுதலா இருக்கு. அதை எடுத்துடுங்கன்னு கேக்குறேன்."

ஊசிக்கண் குறிப்பேட்டை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பதக்கம் கேட்டு வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று வந்தவரை இப்போதுதான் பார்க்கிறார்.

"ஆத்துப் பாலத்துல அன்னிக்கு ஆறு பேரைத் தோள்ல தூக்கிட்டு வந்தது இந்தத் தங்கச்சியோட வீட்டுக்காரர். அவர் தூக்கின ஆறுல நானும் ஒருத்தன். எங்க படைப்பிரிவைக் கலைச்சு எல்லாரையும் ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பினாங்க. அப்புறம் எனக்கு வீரப் பதக்கம் தபால்ல வந்துச்சு. பாலத்துல இருந்தவங்க எல்லாருக்கும் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன். போன வருஷம் அவர் செத்துப்போனார். பெட்டியில பேப்பர் தேட ஒத்தாசைக்குப் போனேன். அவர் சான்றுல பதக்கங்கிற இடத்துல 'இல்லை'ன்னு அடிச்சிருந்துச்சு."

"அவர் ஒரு தடவைகூடக் கேக்கலையாம்மா?"

"கேட்டு வாங்கினா அது பதக்கமா, இனாமான்னு சொல்வாரு," என்றார் அந்தப் பெண். "எனக்குப் பதக்கம் பெருசில்ல மேடம். அவர் அங்க இருந்தார்னு எங்கயாவது ஒரு இடத்துல எழுதியிருக்கணும்."

எழுதியிருந்த ஒரே இடம் பதினேழாம் தாள், அந்தப் படைப்பிரிவின் அசல் பதக்கப் பட்டியல். மறுபிரதி எப்போதோ மழைநீரில் ஊறிக் கூழாகிவிட்டது. காலையில் தாள் பெட்டியில் இருப்பதை மட்டும் மூவரும் பார்த்திருந்தார்கள், வரி வரியாகப் படிப்பதை டீக்குப் பிறகு என்று விட்டிருந்தார்கள். ஆனால் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவதால் படம் எடுக்க வழியில்லை. திருத்தக் குழு மாலை மூன்று மணிக்குக் கூடுகிறது. இது மூன்றாவது அமர்வு. அசல் தாள் வராவிட்டால் மனு மூடப்படும். மறுபடி திறக்க விதி இல்லை.

10.50. முதலில் காவலாளி.

"அறையை விட்டு எல்லாரும் எப்ப போனாங்க?"

"9.50 மேடம். கீழ கேன்டீனுக்கு, டீ குடிக்க. பெட்டி மேசை மேலதான் இருந்துச்சு."

"யார் திரும்பி வந்தது?"

"இந்தத் தம்பி. 9.58. அப்பா கண்ணாடியை மறந்துட்டாங்கன்னு வந்தார். வெளிய வரும்போது சோதிச்சேன். கண்ணாடி மட்டும்தான். சட்டைக் காலர் வரைக்கும் பார்த்துட்டேன்."

"உள்கதவு வழியா?"

"அது ஊழியருக்கான வழி. எனக்குத் தெரியாது. ஆனா பெரிய வாசல்ல ஊழியரையும் தடவிப் பார்க்காம விடமாட்டாங்க. காலையில இருந்து யாரும் வெளிய போகல."

அப்படியென்றால் தாள் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது.

11.05. மகன்.

"அப்பா இந்த மனு போட்டது உங்களுக்குப் பிடிக்கலையாமே?"

"யார் சொன்னா?"

"உங்க முகம்."

அவன் சிரிக்க முயன்றான், முடியவில்லை. "எங்க தெரு முனையில அப்பா பேர்ல பலகை இருக்கு மேடம். என் பொண்ணு தினமும் அதைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போறா. வீட்ல பத்து நாள் சண்டை. ஆனா நான் எடுக்கல. எடுத்திருந்தா இப்படி வேர்க்குமா?"

"எடுத்திருந்தாலும் வேர்க்கும்," என்றார் ஊசிக்கண்.

11.20. காப்பாளர்.

"9.50ல இருந்து எங்க இருந்தீங்க?"

"9.55 வரைக்கும் என் மேசையில. அப்புறம் கீழ கேன்டீன். 10.15க்குத் திரும்பினேன்."

"இந்தப் பச்சை அட்டை?"

"தாளை வெளிய எடுத்தா அந்த இடத்துல வைக்கிற அட்டை மேடம். யாரு, எப்பன்னு எழுதி வைக்கணும். இதுல எதுவும் எழுதல. நான் வச்சது இல்ல."

ஊசிக்கண் அவர் மேசையைப் பார்த்தார். ஒரு கட்டுப் பச்சை அட்டை, காகிதச் சுற்று பாதி கிழிந்த நிலையில் இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழமை. போன வருஷம் மஞ்சள். வருஷா வருஷம் நிறம் மாத்துவாங்க."

ஊசிக்கண் அலமாரிகளுக்கு இடையே நடந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் அட்டையின் காது, அதாவது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு, வலப்பக்கம் இருந்தது. கடைசிச் சுவரோரம் தூசி படிந்த பெட்டிகளில் மட்டும் இடப்பக்கம்.

"அது ஏன் அப்படி?"

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி அலமாரிகளை எதிர்ச் சுவருக்கு மாத்தினாங்களாம். அதுவரைக்கும் இடப்பக்கம்தான். நான் வந்ததே அதுக்கப்புறம்தான்."

ஊசிக்கண் படிப்பறைக்குத் திரும்பி, பச்சை அட்டையை இருந்த இடத்திலேயே வைத்து இன்னொரு முறை பார்த்தார்.

11.45. பிரிவுக் கண்காணிப்பாளர். முப்பத்தைந்து வருட சர்வீஸ். வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். சிறந்த பணிக்கான கேடயம் தருவதாகக் கீழே கூடத்தில் நாற்காலி போட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் மேசையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பேனா, முத்திரை, ஓரம் தேய்ந்த ஒரு மர ஸ்கேல்.

"படிப்பறைக்கு வந்தீங்களா சார்?"

"வந்தேன். 10.05. உள்கதவு வழியா. வருகைப் பதிவேட்டுல கையெழுத்து போட்டேன், நேரமும் போட்டிருக்கேன். பாருங்க."

"பெட்டியைத் தொட்டீங்களா?"

"எதுக்குத் தொடணும்? அந்தப் பையனை விசாரிங்கம்மா. அப்பனோட பதக்கம் கையை விட்டுப் போகக்கூடாதுன்னு அவனுக்குத்தான் ஆத்திரம்."

"நல்ல யோசனை," என்று எழுந்தார் ஊசிக்கண். போகிற வழியில் மாடியில் இருந்த பழுதுபார்ப்புப் பிரிவுக்கு ஒரு நடை போய்விட்டு வந்தார்.

1.15. எல்லாரையும் படிப்பறைக்கு வரச் சொன்னார்.

"இது வெளியாள் வேலை இல்ல," என்று தொடங்கினார். மகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "வெளியாள் எடுத்தா அந்த இடம் காலியா இருக்கும். எடுத்த இடத்துல அட்டை வைக்கணும்னு அவனுக்குத் தோணவே தோணாது. திருடும்போதுகூட அட்டை வச்சிருக்காருன்னா, அது இந்த ஆபீஸ்ல ஊறின கை. அட்டை பச்சை. அப்படின்னா இந்த வாரம் வச்சது."

காப்பாளர் வெளிறிப்போனார். "மேடம், சத்தியமா நான்..."

"நீங்க இல்ல. இந்த அட்டையோட காது எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க."

எல்லாரும் குனிந்தார்கள். பச்சைக் காது இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு இடப்பக்கம் வைக்கவே வராது. கத்துக்கிட்டதே வலப்பக்கம். பழைய பழக்கத்துல வேலை கத்துக்கிட்டவங்க இந்தப் பிரிவுல இன்னும் ஒருத்தர்தான் மிச்சம். ஏன் சார் எடுத்தீங்க?"

கண்காணிப்பாளர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை தானா வச்சிடுச்சும்மா," என்றார். "மனசு பதறிட்டு இருந்துச்சு. கை அதுபாட்டுக்கு அட்டையைத் தேடி எடுத்து வச்சிடுச்சு."

"தாளைக் கிழிச்சுப் போட்டிருந்தா யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. ஆனா முப்பத்தஞ்சு வருஷம் காகிதத்தைக் காப்பாத்தினவர் கிழிக்கமாட்டார்னு தெரியும். அதான் பழுதுபார்ப்புத் தட்டைப் பார்த்தேன். அங்க போற தாள் திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகும். 'ஓரம் கிழிந்தது'ன்னு உங்க கையெழுத்துல சீட்டு இருந்துச்சு." ஊசிக்கண் உறையிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்தார். நான்கு ஓரமும் முழுசாக இருந்தன. "ஓரத்தைக் கிழிக்கக்கூட உங்களுக்கு மனசு வரல."

"நாந்தான் அந்தச் சான்றெல்லாம் டைப் அடிச்சேன்," என்றார் கண்காணிப்பாளர். "அப்ப புதுசு. ஒரே நாள்ல மொத்தப் படைப்பிரிவுக்கும் அடிக்கணும். வரி மாறாம இருக்க ஸ்கேல் வச்சுப் பார்த்து அடிப்போம். ஒன்பதாவது வரியில பதக்கப் பக்கம் ஸ்கேல் ஒரு வரி மேல ஏறிடுச்சு. கவனிக்கல. இவர் மனு வந்தப்பதான் எடுத்துப் பார்த்தேன். ஒன்பதுல இருந்து இருபது வரைக்கும் ஒவ்வொருத்தனுக்கும் மேல் வரிக்காரனோட பதக்கம். பன்னண்டு பேர். வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளினாப் போதும்னு..."

ஒன்பதாம் வரியில் அந்தப் பெண்ணின் கணவர். எதிரே வீரப் பதக்கம். தாளின் மேல் காப்பாளர் வைத்த கண்ணாடிப் பலகை மீதே அவள் விரலை வைத்துப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"அப்ப பத்தாவது வரி? நான்?" என்றார் வீரர்.

"காயப் பட்டை," என்றார் ஊசிக்கண்.

"அது சரி." விரலில்லாத கையைப் பார்த்துக்கொண்டார். "அது என் சொந்தச் சம்பாத்தியம்."

3.00. திருத்தக் குழு கூடியது. பதினொரு நிமிடத்தில் முடிந்தது.

தாழ்வாரத்தில் வீரர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய பதக்கத்தை எடுத்து நீட்டினார்.

"அவர் இருந்திருந்தா வாங்கியிருக்க மாட்டார்ண்ணே," என்றாள் அந்தப் பெண்.

"அதான்மா உன்கிட்ட குடுக்கிறேன்."

வாங்கிக்கொண்டாள். கைக்குட்டையைப் பிரிக்காமல் அப்படியே பைக்குள் வைத்தாள்.

மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்பா, அந்தப் பலகையை என்ன பண்றது?"

"பேரை மாத்தச் சொல்லு. கம்பம் நல்லாத்தானே இருக்கு?"

4.30. கீழே கூடத்தில் நாற்காலிகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அறிக்கையில் கையெழுத்து வாங்க ஊசிக்கண் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனார். மீதிப் பத்துப் பேருக்கும் எது யாருடையது என்று வாக்குமூலமாக எழுதிக்கொண்டிருந்தார் அவர். தாள் அவர் கையில் இல்லை. எதிரே காப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டு வரி வரியாக வாசித்தார். மர ஸ்கேலைக் காணோம்.

"பதினொண்ணாவது வரி," என்றார் காப்பாளர்.

கண்காணிப்பாளர் எழுதினார். எழுதியதன் கீழே விரலை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.