முப்பது வினாடிப் பயிற்சி

கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சன்னலை ஒட்டிய பிரம்பு நாற்காலியில் கணவர். அவருக்கு இடப்பக்கம், சோபாவின் கைப்பிடியில் ஒரு காலைத் தொங்கவிட்டபடி கொழுந்தன். இருவருக்கும் நடுவே, சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்ட மர ஸ்டூலில் எட்டு வயது மகள். ஸ்டாண்டில் பொருத்திய கேமராவுக்குப் பின்னால் அவள். யார் எங்கே என்பதைப் பயிற்சி நோட்டில் முன்கூட்டியே கட்டம் போட்டுக் குறித்து வைத்திருந்தாள். ஆகவே பிறகு நடந்ததற்கு ஞாபகப் பிசகு என்று பெயர் சூட்டவும் வழியில்லை.

தபால் வழிப் புகைப்பட வகுப்பின் நான்காம் பாடம் அது. முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து எடுப்பது முதல் பாடம். வெளிச்சம் முகத்தில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்க்கப் பழகுவது இரண்டாவது. மூன்றாவதில் குவியம். நான்காவதற்கு ஆசிரியர் இரண்டே வரி எழுதியிருந்தார்: ‘மங்கிய வெளிச்சத்தில் ஷட்டரை முப்பது வினாடி திறந்து வையுங்கள். அசைபவர் புகையாவார், அசையாதவர் கல்லாய் நிற்பார்.’

“அண்ணி, நடுவுல தும்மல் வந்தா?”

“தாராளமா தும்முங்க. மூக்கில்லாம விழுவீங்க, அவ்வளவுதான்.”

“எனக்கு மூக்கு போனா போகட்டும். சுண்டெலிய முப்பது வினாடி உக்கார வைக்கப் போறீங்களாமே, அதச் சொல்லுங்க. பாதரசத்துக்கு ஆணி அடிக்கிற வேலை.”

சுண்டெலி என்று கொழுந்தன் வைத்த பெயர் மகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அவள் பத்தாவது வினாடியில் ஸ்டூலிலிருந்து குதித்து, கேமராவைச் சுற்றி ஓடி வந்து, அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மீதி இருபது வினாடியும் பக்கத்திலேயே நின்று எம்பி எம்பிப் பார்த்தாள். அவளுடைய சூடான மூச்சு முழங்கையில் பட்டுக்கொண்டே இருந்தது.

“ஒரு இடத்துல அசையாம இருக்கவே மாட்டியாடி நீ?”

சிறு திரையில் படம் வந்தது. கணவரின் தலை புகை. கொழுந்தனுக்கு மூன்று வாய். நடுவில், ஸ்டூலில், மகள். கை இரண்டும் முழங்கால் மேல். கவுனின் தையல் நூல்கூட எண்ணலாம் போலத் துல்லியம். லென்ஸை நேராகப் பார்த்திருந்தாள்.

“ஐ, நான் சூப்பரா இருக்கேன்,” என்ற மகள் உடனே முகம் சுளித்தாள். “ஆனா நான் எந்திரிச்சு வந்துட்டேனேம்மா?”

“செகண்ட் ஹேண்ட் கேமரா. எதையாவது மென்னு துப்பும்,” என்று கணவர் சோம்பல் முறித்தார்.

அவள் அப்படி விட்டுவிடும் ரகமில்லை. கணக்கு தப்பினால் முதல் வரியிலிருந்து திரும்பப் போடவேண்டும் என்பது அவள் படித்த பள்ளியின் வழக்கம். தப்பு தன் கையில்தான் என்று நம்பினாள். படத்தை அச்சிட்டு அனுப்பினாள். சிவப்பு மையில் பதில் வந்தது: ‘குழந்தை அசையாமல் அருமையாக ஒத்துழைத்திருக்கிறாள். தொடர்ந்து அவளையே எடுத்துப் பழகுங்கள்.’

எடுத்தாள். மாலைதோறும், அதே ஸ்டூல், அதே முப்பது வினாடி. மகள் எட்டாவது வினாடியில் இறங்கினாள் என்று நோட்டில் எழுதினாள், மறுநாள் ஆறாவதில், அதற்கு மறுநாள் மூன்றாவதில். படத்தில் மட்டும் முப்பது வினாடியும் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் மாலை, பிள்ளை பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தபோது வெறும் ஸ்டூலை எடுத்தாள். அதிலும் உட்கார்ந்திருந்தாள்.

அன்றே கேமராவை மூட்டை கட்டியிருக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு தடவை சரியாக வந்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்று தோன்றியது.

ஆறாம் மாலை மகள் இறங்கவில்லை. முப்பது வினாடியும் கை முழங்காலில் இருக்க, இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஷட்டர் மூடிய பின்பும்.

“முடிஞ்சுதும்மா. எந்திரி.”

எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னதும் எழுந்து, சுவரோரமாக நடந்து உள்ளே போனாள். அந்தப் படத்தில்தான் முதல் தடவையாக மகள் புகையாகியிருந்தாள். முகம் இருந்த இடத்தில் இழுபட்ட வெளிறல், வாய் இருந்த இடத்தில் கருப்பாக ஒரு தீற்றல். உள்ளங்கை இரண்டு மட்டும் தெளிவாக, கண்ணாடியில் அழுத்தியதுபோல் முன்னால் விரிந்திருந்தன.

அதன் பிறகு வீட்டில் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மகள் செருப்பைத் தரையில் தேய்த்து நடக்கும் சத்தம், தட்டின் விளிம்பில் கரண்டியால் தாளம் போடும் சத்தம், குளியலறைக்குள்ளிருந்து தனக்குத்தானே கதை சொல்லும் குரல், தூக்கத்தில் பல்லை நறநறக்கும் சத்தம் எல்லாம் நின்று, அவை இருந்த இடங்களில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும் ஊறி நிறைந்தது. தலை பின்னும்போது முகர்ந்து பார்த்தாள். எண்ணெயும் வியர்வையும் கலந்த பிள்ளை வாசம் இல்லை. அப்போதுதான் அச்சாகி வந்த மொடமொடத் தாளின் சூடான வாசம்.

“லைட்டு தலைக்கு மேல எரியுது. அவ கன்னத்துல நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க,” என்று கணவரைப் பிடித்து உலுக்கினாள்.

ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே இருந்தது அது. இடக் கன்னத்தில் சாயங்கால வெளிச்சம். வலக் கன்னம் இருட்டு.

“படம் கத்துக்கிட்டதுலேர்ந்து உனக்கு நிழல் கிறுக்கு. பொண்ணு அடங்கி உக்காந்திருக்கான்னு மிஸ்ஸே பாராட்டுறாங்க. உனக்குத்தான் பொறுக்கல.”

கொழுந்தன் மட்டும் மறுநாள் வாசலோடு நின்றான். “அண்ணி, நேத்து கிச்சுக்கிச்சு மூட்டினேன். சிரிக்கல. சும்மா பாத்தா.” சிரிக்க முயன்றான், வரவில்லை. “நான் அப்புறமா வரேன் அண்ணி.” அப்புறம் அவன் வரவில்லை.

ஆறாம் படத்தை அச்சிட்டு அலமாரித் துணிகளுக்கடியில் வைத்திருந்தாள். காலையில் எடுத்துப் பார்த்தபோது உள்ளங்கைகள் நடுவில் இருந்தன. மதியம் இடது ஓரத்தில். மாலையில் கீழ் மூலையில், தாழ்வாக, முழங்காலிட்டவள் கைபோல். தாளோடு உதட்டை ஒட்டி, “கண்ணு, அம்மா இங்கதான்டி இருக்கேன்,” என்றாள். தாள் மிக லேசாக அதிர்ந்தது.

வெளியே இழுக்க அவளுக்கு வழி தெரியவில்லை. உள்ளே போகும் வழி மட்டும் தெரியும். அதைத்தான் நான்காம் பாடம் கற்றுக்கொடுத்திருந்தது.

மறுநாள் பிற்பகல், கணவர் வேலைக்குப் போன பின், திரைச்சீலையைப் பாதி இழுத்து மூடினாள். கேமராவை அதுவாகவே அடுத்தடுத்து எடுக்கும்படி திருப்பி வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். கை இரண்டும் முழங்கால் மேல். பிரம்பு நாற்காலியிலிருந்து, மகள் உருவத்தில் இருந்த மற்றது பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் முப்பது. ஒன்றுமில்லை. இரண்டாவது. நாக்கு உலர்ந்தது. ஐந்தாவது. முதுகில் ஊசி ஊசியாகக் குத்தல். அசையக் கூடாது. எட்டாவது. ஓர் ஈ கண்ணோரம் வந்து நடந்தது. அசையவில்லை. பிள்ளைக்காகத்தானே. பத்தாவது. மூச்சு தேவைப்படவில்லை. பதினொன்று.

சொடக்கு.

ஸ்டூலிலிருந்து யாரோ எழுந்தார்கள். அவள் எழவில்லை. அவளுடைய சேலை, அவளுடைய பின்னல், கேமராவை நோக்கி நடந்தன. திரையைக் குனிந்து பார்த்தன. திருப்தியாகத் தலையாட்டின.

கத்தினாள். வாய் புகையாக இழுபட்டது. ஓடினாள். நான்கு பக்கமும் வழவழவென்று குளிர்ந்த விளிம்பு. அதே சன்னல். அதே சாய்ந்த வெளிச்சம். நாற்காலி காலி. சோபா காலி. மகளைக் கூப்பிட்டாள். இல்லை. சோபாவுக்கு அடியில் இல்லை. திரைச்சீலைக்குப் பின் இல்லை. இது அந்தப் படமில்லை. இது வேறு படம்.

எத்தனை நேரம் சுற்றினாள் என்று தெரியாது. அங்கே வெளிச்சம் நகரவில்லை. பிறகு ஒரு சூடு பரவியது, தாள் மொடமொடத்தது, தலைக்கு மேலே தன் முகம் பெரிதாகக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. தன் கையெழுத்து, ஓரம் விட்டு, கோடு பிசகாமல்: ‘மதிப்பிற்குரிய ஐயா, நான்காம் பாடத்துக்கான இரண்டு படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.’

விரல்கள் அலமாரியிலிருந்து இன்னொரு தாளை எடுத்து வந்தன. அவள் அதைப் பார்த்துவிட்டாள். கீழ் மூலையில் இரண்டு சின்ன உள்ளங்கைகள். அது நெருங்கி வந்தது. ஒரு கணம் முகத்துக்கு முகம் வைக்கப்போகிறது என்றே நினைத்தாள்.

இரண்டு தாளையும் முதுகோடு முதுகு சேர்த்து வைத்தது.

பின்னாலிருந்து தட்டும் சத்தம். சின்ன கை. ஒரு தாளின் கனம் மட்டுமே நடுவில். திரும்பினாள். திரும்பினால் சுவர்தான். “இந்தா, இந்தப் பக்கம்! கண்ணு, இந்தப் பக்கம்டி!” தட்டல் ஒரு கணம் நின்று, எதிர்மூலைக்கு ஓடியது.

பழுப்பு உறை இருவரையும் விழுங்கியது. மேலே மிஞ்சிய கீற்று வெளிச்சத்தில் தன் நாக்கு பசையை நனைத்துக்கொண்டு போவதைப் பார்த்தாள். மடிப்பு இறங்கியது. கட்டைவிரல் விளிம்பு நெடுக அழுத்திச் சென்றது, ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

செருப்புச் சத்தம். கதவு. தெரு. பக்கத்தில் அடியெடுத்து வைக்கும் இன்னொரு ஜோடிச் சின்னச் செருப்பு, தரையில் கொஞ்சமும் தேயாமல். பிறகு இரும்பு மூடி கிரீச்சிட, மற்றக் கடிதங்களின் மேல் போய் விழுந்தார்கள்.