எல்லாம் புரட்டு

சண்டை முடிந்துவிட்டது என்று பேப்பர்க்காரர்கள் எழுதிவிட்டார்கள். பெட்ரோலுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை. வல்லத்திலிருந்து கிளம்பிய, அடுப்புக்கரி எரித்து ஓடும் கரி பஸ் வழியில் இரண்டு இடத்தில் படுத்துக்கொண்டு, கண்டக்டரைக் கதறவைத்து, ஒருவழியாகச் செஞ்சிக் கடைத்தெருவில் வந்து நின்றபோது மணி பதினொன்று ஆகியிருந்தது. அமலோற்பவம் முந்தானையால் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

அவளுக்கு நாற்பது வயது. பதினெட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு இப்போது ஒரு தர்ம ஸ்தாபனத்தில் இருந்தாள். நாதியற்ற வயோதிகர்களுக்காக அந்த ஸ்தாபனம் ஐந்தாறு ஊர்களில் வீடு வைத்து நடத்தியது. அங்கே படுத்திருப்பவர்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வருஷத்துக்கு ஒரு தடவை யாரையாவது அனுப்பி எழுதி வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டால், தர்மம் செய்த பெரியவர்களுக்கு நிம்மதி. இந்த வருஷம் செஞ்சி வீட்டைப் பார்க்கும் வேலை அமலோற்பவத்தின் தலையில் விழுந்தது.

விழுந்தது என்று சொல்வது சரியில்லை. அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய நைனா பிலவேந்திரன் வல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவள் ஊர் ஊராகச் சுற்றுகிறவள். கூலிக்கு வைத்த பெண்ணோ அவரைப் புரட்டிப் படுக்கவைக்க அலுத்துக்கொண்டாள். போன வாரம் அவர் முதுகுத்தண்டின் அடியில் ஓர் அணாக் காசு அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவில் குழி விழுந்திருந்தது. அந்தக் குழி எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் எத்தனையோ பேருக்குப் புண் கட்டியவளின் வீட்டில் நைனாவின் முதுகு அழுகுகிறது என்ற வெட்கம் அவளைத் தின்றது. செஞ்சி வீடு நல்ல வீடாக இருந்தால் அவரை இங்கே கொண்டுவந்துவிடலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தாள்.

மலையடிவாரத்தில், யாரோ வியாபாரி கைவிட்ட பழைய மல்லாட்டை மண்டிதான் அந்த வீடு. பின்னால் பாறை மேல் பாறையாக மலை. காலையிலிருந்து வெயில் குடித்த அந்தப் பாறைகளின் அனல் வாசல்வரை அடித்தது. ஆனால் மேனேஜர் தோமினிக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து அவள் காலைத் தொட்டது.

நாற்றம் இல்லை. அதைத்தான் அவள் முதலில் கவனித்தாள். இப்படிப்பட்ட வீடுகளில் மனிதர்களுக்கு முன்னால் மூத்திர வாடைதான் வந்து வரவேற்கும். இங்கே சூடம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயின் வாசனை மட்டுமே இருந்தது.

நீளமான ஒரே கூடம். பதினோரு கட்டில். கண்ணாடி ஓட்டின் வழியாகச் சதுரம் சதுரமாக வெயில் விழுந்திருந்தது. பதினோரு பேரும் ஒரே பக்கமாக, இடது பக்கம் சாய்ந்து, முதுகுக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய துணியும் வைத்துப் படுத்திருந்தார்கள்.

அமலோற்பவம் ஒவ்வொருவராகப் பார்த்தாள். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடி. விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்கிறதா என்று எண்ணினாள். ஒருவர் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை. நான்கு வருஷமாக எழுந்திருக்காத யாகப்பன் கிழவரின் முதுகு குழந்தையின் முதுகு மாதிரி இருந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நைனாவுக்கு இடம் கிடைத்துவிட்டது.

"வேலைக்கு எத்தினி பேரு?" என்று கேட்டாள்.

"நான் ஒருத்தன்தாங்க. சமைக்கிறது, துவைக்கிறது, எல்லாம்."

"அப்போ இவங்களப் புரட்டிப் போடறது?"

தோமினிக் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் பெரிய பெரிய எழுத்தில் 'புரட்டு நோட்டு' என்று எழுதியிருந்தது. உள்ளே பதினோரு பெயர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இடதுக்கு 'இ', வலதுக்கு 'வ'. பகல், இரவு, நல்ல நாள், கெட்ட நாள், ஒன்றும் விட்டுப்போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாக ஒரே கையெழுத்து.

அமலோற்பவம் இந்த மாதிரி நோட்டுகளை நிறையப் பார்த்தவள். உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் எழுதி நிரப்பிவிடுவார்கள். அவளுக்கு முன்னால் வந்தவர் ஒருவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பழைய பக்கம் ஒன்றில் சிவப்பு மசியில் இரண்டே வார்த்தை: எல்லாம் புரட்டு.

"இது உங்க கையெழுத்தா?"

"இல்லீங்க. மீனம்பாளோடது."

"கூப்பிடுங்க. அவங்கள நான் பாக்கணும்."

தோமினிக் குரலைத் தணித்தார். "செத்துப்போயி ரெண்டு வருஷம் ஆவுதுங்க."

தாலுகா கச்சேரியில் மணி பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது.

"நவுராதீங்க," என்றார் தோமினிக். "வழி வுட்டு நில்லுங்க."

கடைசி அடி ஓய்ந்தது.

முதல் கட்டில் கிரீச்சிட்டது.

அதில் படுத்திருந்த பெரியவரின் தோளில் சட்டைத் துணி பள்ளமாக அமுங்கியது. ஐந்து விரல் அகலம். இடுப்பிலும் அதே போல் ஒரு பள்ளம். முழங்கால் மெதுவாக மடங்கியது. உடம்பு நோகாமல், அவசரமில்லாமல், இடதிலிருந்து வலதுக்கு வந்தது. தலையணை தானே நகர்ந்து முதுகுக்கு அண்டை கொடுத்தது. சுருட்டிய துணி கால்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தது.

அங்கே யாரும் இல்லை. நல்ல வெயில். கூடத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தது. யாருமே இல்லை.

இரண்டாவது கட்டில்.

மூன்றாவது.

அமலோற்பவம் தோமினிக்கைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அருகில் படுத்திருந்த யாகப்பன் கண்ணை மூடியபடியே முணுமுணுத்தார்.

"பேசாத இரும்மா. எண்ணிக்கினு வருவா. கணக்குத் தப்பிடும்."

எண்ணெய் வாசனை அவளை உரசிக்கொண்டு போனது. கையிலிருந்த நோட்டு லேசாக அழுந்தியது. குனிந்து பார்த்தாள். பன்னிரண்டு மணிக் கட்டத்தில், முதல் பெயருக்கு நேரே ஒரு 'வ' விழுந்தது. பிறகு இரண்டாவது 'வ'. பள்ளிக்கூடம் போகாத கை ஒவ்வொரு சுழியையும் யோசித்து யோசித்துப் போடுகிற எழுத்து.

பதினோராவது கட்டில் ஓய்ந்தபின் தோமினிக் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் நீர்மோர் கொடுத்தார்.

"மண்டகப்பட்டுப் பொம்பள," என்றார். "கூலிக்கு நாத்து நட்டுக்கினு இருந்தவ. இங்க வந்துதான் எழுத்துக் கத்துக்கினா. கச்சேரி மணி அடிச்சா எழுந்துடுவா, ராவோ பகலோ. அந்த இன்ஸ்பெக்டர் ஐயா நோட்டப் பாத்தாரு. ஒருத்தி இப்பிடித் தூங்காம செய்வாளா, புளுகுன்னு முடிவு கட்டி, செவப்பு மையில எழுதிட்டுப் போயிட்டாரு."

"அத அவங்க படிச்சாங்களா?"

"எழுத்துக் கூட்டிப் படிச்சா. படிச்சுட்டு சிரிச்சாம்மா. 'எல்லாரையும் நான் பொரட்டினேன்னு ஐயா எழுதிக் குடுத்துட்டாரு பாருங்க'ன்னு எங்கிட்ட காட்டினா." தோமினிக் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் சும்மா இருந்திருக்கலாம். அர்த்தம் அது இல்லன்னு நான்தான் சொன்னேன்."

அன்றிலிருந்து மீனம்பாள் உட்காரவில்லை. சோற்றில் கை வைக்கவில்லை. பதினான்காம் நாள், யாகப்பனின் தோளுக்கடியில் கை கொடுத்தவாறே அவர்மேல் சாய்ந்தாள். அவளை எடுத்துக் கீழே கிடத்தினார்கள். அடுத்த மணி அடித்தது. கட்டில்கள் கிரீச்சிட்டன.

"போன வருஷம் வேற ஒருத்தர் வந்தாரு," என்றார் தோமினிக். "முதுகெல்லாம் பாத்துட்டு, 'மிக நன்று, மீனம்பாளுக்குப் பாராட்டு'ன்னு எழுதினாரு. அவரு செருப்பு மாட்டறதுக்குள்ள வாசனை போயிடுச்சு. மூணு நாளு ஒண்ணும் நடக்கல. நான் ஒத்த ஆளு எத்தினி பேரப் பொரட்டுவேன்? ரெண்டு பேருக்குத் தோலு பிஞ்சிடுச்சு. ஒரு கெழவி ஜுரத்துல போயிட்டா. அப்புறம் அந்தத் தாளைக் கிழிச்சி அடுப்புல போட்டேன். மறுமணிக்கே வந்துட்டா."

"வந்துட்டாங்களா."

"வராம? மொத இன்ஸ்பெக்டர் எழுதின புரட்டுதானே மிச்சம்." அவர் கை கூப்பினார். "நல்லதுன்னு எழுதாதீங்கம்மா. எதாச்சும் எழுதித்தான் ஆவணும்னா அதே வார்த்தைய எழுதிட்டுப் போங்க. பதினோரு உசுரு."

செய்த வேலைக்கு ஒரு நல்ல வார்த்தை. அதற்காகத்தான் அந்தப் பெண் இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறாள். முதலில் எழுதியவர் தெரியாமல் எழுதினார். அமலோற்பவம் கண்ணால் பார்த்துவிட்டாள். அவளுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

நோட்டை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். நைனாவின் முதுகிலிருந்த கறுப்புக் குழி கண்ணை விட்டுப் போகவில்லை. பதினோரு உயிருக்காக என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். மனசாட்சி அவ்வளவு ஏமாளி இல்லை. பன்னிரண்டாவது உயிருக்காகத்தான் பேனாவைத் திறந்தாள்.

எல்லாம் புரட்டு, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மசி காயவில்லை. சூட வாசனை அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

காதருகே ஒரு குரல், எழுத்துக் கூட்டியது.

"எ... ல்... லா..."

அமலோற்பவம் திரும்பவில்லை.

"ம்... பு... ர..."

அதற்குமேல் படிக்கவில்லை. அழுகை இல்லை, பெருமூச்சு இல்லை. வாசனை மட்டும் மெல்ல விலகிக் கூடத்துக்குப் போனது. இரண்டு மணி அடித்ததும் முதல் கட்டில் வழக்கம்போல் கிரீச்சிட்டது.

அந்தச் சனிக்கிழமையே வில்வண்டியில் வைக்கோல் பரப்பி நைனாவைக் கொண்டுவந்து, புதிதாக இட்ட பன்னிரண்டாவது கட்டிலில் போட்டாள். மணி அடிக்கும்வரை நிற்கத் தைரியமில்லாமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்துப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, பகல் மூன்று மணிக்கு வந்தாள். நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். குழி தூர்ந்து, அந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் கட்டியிருந்தது. எந்த ஆஸ்பத்திரியிலும் இவ்வளவு சீக்கிரம் ஆறிய புண்ணை அவள் பார்த்ததில்லை.

"நைனா," என்றாள்.

"அமலு? வந்துட்டியாம்மா?" குரலில் அத்தனை சந்தோஷம். "இந்தாண்ட வா, உன் மூஞ்சியப் பாக்கணும்."

அவள் கட்டிலைச் சுற்றிச் சுவர்ப்பக்கம் போனாள்.

கட்டில் கிரீச்சிட்டது.

அவள் போய் நின்றபோது அவள் முன்னால் அவருடைய முதுகு இருந்தது.

மணி அடிக்கவில்லை. அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அமலோற்பவம் வந்த வழியே திரும்பினாள். அவர் தோளில் சட்டை அமுங்கியது. நோகாமல், அவசரமில்லாமல், நைனா சுவர்ப்பக்கம் புரண்டார். தலையணை முதுகுக்கு அண்டை கொடுத்தது. அவள் ஓடினாள். கட்டிலின் தலைமாட்டில் குனிந்தாள். அவர் தலையை ஏதோ ஒன்று தாங்கிப் பிடித்து, பதமாக அந்தப் பக்கம் திருப்பியது.

"எங்கம்மா இருக்க?" என்றார் நைனா. "குரல் கேக்குது, ஆளக் காணமே."

தோமினிக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட நேராதான் பாத்துப் பேசறாரும்மா. உங்களுக்குத்தான் காட்ட மாட்டேங்கறா." அவர் கையில் நோட்டு இருந்தது. "அந்தத் தாளைக் கிழிச்சிட்டு, நல்ல வார்த்தையா எழுதிடறீங்களா?"

அவள் நோட்டைப் பார்த்தாள். நைனாவின் முதுகைப் பார்த்தாள். அந்தப் புதுத்தோல் சிகரெட் தாள் கனம்தான் இருந்தது. மூன்று நாள் தாங்காது.

"வேணாம்," என்றாள்.

கட்டிலின் ஓரத்தில், அவர் முதுகுப்பக்கமாக உட்கார்ந்தாள். சத்தம் வராமல் அழுதாள். இனிமேல் எத்தனை வருஷம் வந்தாலும் இந்த முதுகோடுதான் பேச வேண்டும் என்று புரிந்தது. கையை நீட்டி அவர் தோளில் வைத்தாள். சிறுவயதில் காய்ச்சல் வந்தபோது அவர் அவளுக்கு வைத்ததுபோல. நைனா மூச்சை நிம்மதியாக விட்டார்.

அவள் மணிக்கட்டை ஒரு கை பற்றியது. எண்ணெய்ப் பிசுக்குள்ள, காப்புக் காய்த்த கை. ஜில்லென்றிருந்தது. அது அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, பதனமாக அவள் மடியிலேயே கொண்டுவந்து வைத்தது.

"ஏம்மா," என்றார் நைனா சுவரைப் பார்த்தபடி, "கைய எடுத்துட்ட?"