ஏழாம் எண் கொக்கி

இசைப் பள்ளியின் முதல்வரம்மா தையல் கடைப் படியேறியபோது மாஸ்டர் ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரே அவருடைய மைத்துனர், தன் ஜெராக்ஸ் கடையை அம்போ என்று விட்டுவிட்டு, காலையிலிருந்து வாயடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே மைத்துனருக்கு உள்ளுக்குள் ஒரு குதி. யாருக்கோ எதுவோ காணாமல் போயிருக்கிறது. தெருவில் எது தொலைந்தாலும் மாஸ்டரிடம்தான் வருவார்கள். மாஸ்டர் போகிற இடத்துக்கெல்லாம் மைத்துனரும் அழையாமலே போவார்.

தொலைந்தது ஒரு செல்லோ. உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின் போன்ற வாத்தியம். பள்ளியில் அது ஒன்றுதான் இருந்தது. நாளை ஆண்டு விழாவில் தபால்காரப் பெண் அதை வாசிக்க வேண்டும். அதைவிடப் பெரிய இடி, பள்ளியின் தலைவர் காலையில் வாத்திய அலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

அந்த அலமாரிதான் பள்ளியின் உயிர். பத்துப் பேர் மனம்வைத்து நடத்துகிற இலவசப் பள்ளி அது. தாழ்வாரத்தில் ஆளுயர அலமாரி, உள்ளே வரிசையாக எண் போட்ட கொக்கிகள். வாத்தியம் வேண்டியவர் எடுத்துக்கொண்டு அந்த எண்ணின் கொக்கியில் தன் பெயர் அட்டையை மாட்டிவிட்டுப் போவார். திருப்பி வைக்கும்போது அட்டையை எடுத்துக்கொள்வார். கையெழுத்து கிடையாது, காவல் கிடையாது. இரவுப் பணி முடிந்த நர்ஸ் விடியலில் வயலின் எடுப்பார். லாரி ஓட்டுநர் எந்த வேளையில் ஊர் திரும்புகிறாரோ அந்த வேளையில் புல்லாங்குழலை வைப்பார். பதினோரு வருடத்தில் ஒரு வில்கூடத் தொலைந்ததில்லை.

"பூட்டுப் போட்டா சாவி வச்சிருக்கிறவர் இருக்கும்போதுதான் வர முடியும் மாஸ்டர். பாதிப் பேர் நின்னுடுவாங்க" என்றார் அம்மா. இன்று மாலைக்குள் செல்லோ வந்தால் பூட்டை எடுப்பதாகவும், இல்லாவிட்டால் அது நிரந்தரம் என்றும் தலைவர் சொல்லியிருந்தார். மாஸ்டர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார்.

தலைவர் நல்ல மனிதர்தான். வாத்தியம் தந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் சிடுசிடுவென்று இருந்தார். பூட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார்.

ஆறாம் கொக்கியின் கீழ் செல்லோவின் கெட்டிப் பெட்டி, காலியாக. கொக்கியில் அட்டை இல்லை. பக்கத்தில் ஏழாம் கொக்கியின் கீழ் ஒரு குட்டி டபுள் பேஸ் மொட்டையாகச் சாய்ந்து நின்றது. டபுள் பேஸ் என்பது நின்றுகொண்டு வாசிக்கிற வாத்தியம், மனிதரைவிட உயரம். ஆனால் இது குள்ளமானவர்களுக்காகச் செய்தது, செல்லோவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் கொக்கியில் ஓர் அட்டை தொங்கியது. அட்டையின் ஓட்டை கிழிந்துபோய், வெள்ளை டேப் சுற்றியிருந்தது.

அட்டை யாருடையது என்று மாஸ்டர் கேட்டார். குழாய் ரிப்பேர்காரரின் மனைவியுடையது என்றார் அம்மா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. போன வாரம்தான் பேஸ் வகுப்பில் சேர்ந்தார். வகுப்பிலுள்ள பெரிய பேஸில் ஒரே ஒரு பாடம் ஆகியிருக்கிறது. பேஸ் இங்கேயே இருப்பதால், முன்கூட்டியே இடம் பிடிக்க அட்டையை மாட்டிவிட்டுப் போயிருப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

செல்லோவைக் கடைசியாகப் பார்த்தது வியாழக்கிழமை. தந்தி மாற்றுகிறவர் புதுத் தந்தி பூட்டி, மறுபடி மறுபடி சுருதி சேர்க்க வேண்டியிருக்கும் என்று பெட்டிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தார்.

மைத்துனருக்கு இது போதும். "தந்திக்காரர்தான் மாமா. பெட்டியோட போனா ஊரே பாக்கும். அதான் பெட்டிய விட்டுட்டுப் போயிருக்கார்" என்றார். பெட்டியில்லாமல் அவ்வளவு பெரிய வாத்தியத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் மட்டும் ஊர் கண்ணை மூடிக்கொள்ளுமா என்று மாஸ்டர் கேட்டார்.

மாஸ்டர் அலமாரிக்குள் குனிந்தார், பின்னால் கைவிட்டுத் துழாவினார், நிமிர்ந்தார். "நான் தைச்ச உறை எங்க?"

யாருக்கும் புரியவில்லை. குட்டி பேஸுக்கு நீலத் துணியில், பஞ்சு வைத்து, தோள்பட்டை வாருடன் போன வருடம் அவர்தான் உறை தைத்துக் கொடுத்திருந்தார். அது அலமாரியில் இல்லை.

"நீங்க எல்லாரும் செல்லோவத் தேடினீங்க. அதனால என் உறை போனது யார் கண்ணுக்கும் படல" என்றார் மாஸ்டர். "திருடறவனா இருந்தா செல்லோவுக்குன்னே இருக்கிற பெட்டிய விட்டுட்டு, பேஸோட உறைய ஏன் எடுக்கணும்? இதுதான் பேஸ்னு நம்பினவங்கதான் எடுத்திருக்காங்க. அட்டை பொய் சொல்லல. ஏழாம் கொக்கியில மாட்டினவங்க ஏழாம் வாத்தியத்தத்தான் எடுத்ததா நினைக்கிறாங்க. வியாழக்கிழமை இங்க ரெண்டும் மொட்டையா நின்னுச்சு. உறை கீழ கிடந்திருக்கும்."

பேஸ் கற்கிற பெண்ணுக்கா பேஸ் தெரியாது என்று தலைவர் மடக்கினார்.

"அவங்க வரல. இந்த டேப்பப் பாருங்க. குழாய் மரையில தண்ணி கசியாம இருக்கச் சுத்தற டேப். அட்டை ஓட்டை கிழிஞ்சதும் கையில இருந்ததச் சுத்தி மாட்டினது அவங்க வீட்டுக்காரர்."

வெறும் டேப்புக்குள் இவ்வளவு சங்கதியா என்று மைத்துனர் வாயைப் பிளந்தார். அதை முதலில் பார்த்தது தான்தான் என்று பிற்பாடு அவர் ஊரெல்லாம் சொன்னார்.

தலைவர் அலமாரியை மறுபடி பூட்டியதும் நால்வரும் குழாய்க்காரரின் குடியிருப்புக்கு நடந்தார்கள். இரண்டாம் மாடி ஏறும்போதே சத்தம் கேட்டது. தாழ்ந்த, நீளமான ஒரே ஒரு சுரம். நடுவில் கொஞ்சம் கரகரத்து, பிறகு தெளிந்து நின்றது. படிகளில் அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் காய்கறிப் பையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வழிவிடக்கூட அவர்களுக்கு மனமில்லை.

கதவு திறந்தே இருந்தது. நாற்காலியில் ஒரு சிறிய பெண்மணி, முழங்கால்களுக்கு நடுவே செல்லோ, கண்கள் மூடியிருந்தன. மூலையில் நீல உறை மடித்து வைத்திருந்தது. குழாய்க்காரர் பெருமை தாங்காமல் வந்தவர்களை வரவேற்று, தான் எடுத்துவந்த கதையைத் தானே சொன்னார். இரண்டு நின்றதாம். இரண்டையும் தட்டிப் பார்த்தாராம். தந்தி பளபளவென்று இருந்ததை நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினாராம்.

அம்மா விஷயத்தை மெல்லச் சொன்னதும் அந்தப் பெண்மணியின் முகம் விழுந்துவிட்டது. புருஷனை ஒரு பார்வை பார்த்தார். அவர் தலையைச் சொறிந்தார்.

"பெரிய பேஸ்ல வாசிச்சப்ப எனக்கு எட்டவே இல்லைங்க. இத நெஞ்சுல சாய்ச்சு வில்ல இழுத்தேன், உள்ள வரைக்கும் அதிருச்சு. நாள் பூரா மெஷின் சத்தம் கேக்கற காது இது. ரெண்டு நாளா வேலைக்குப் போறப்பகூட சிரிச்சுக்கிட்டே போறேன்" என்றார். பிறகு வில்லைத் தளர்த்தி அம்மாவிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க. தபால்காரம்மா காத்திட்டிருப்பாங்க."

அம்மா வில்லை வாங்கவில்லை. விழா முடிந்ததும் செல்லோ வகுப்புக்கு மாறிவிடுங்கள், வாத்தியத்தை இருவரும் முறைவைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் அந்தக் குட்டி பேஸ் சும்மாதானே நிற்கும், நான் எடுத்துக்கொள்ளலாமா என்று குழாய்க்காரர் கூச்சத்துடன் கேட்டார். படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மைத்துனருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான், அதை அவர் மறைக்கவும் இல்லை.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அந்தச் சுரத்த இன்னொரு வாட்டி வாசிங்க" என்றார்.

பெண்மணி வில்லை மறுபடி இறுக்கி வாசித்தார். அது அடங்கும்வரை தலைவர் அசையவில்லை. பிறகு சட்டைப் பையில் சாவியைத் தடவிக்கொண்டே படிப்பக்கம் திரும்பினார்.

"நீங்க ஆசை தீர வாசிச்சிட்டு மெதுவா எடுத்துட்டு வாங்கம்மா. விடியல்ல நர்ஸ் பொண்ணு வயலினுக்கு வந்துடும். நான் முன்னால போய் அலமாரியத் திறந்து வைக்கிறேன்."