பீரோவுக்குள் குவாசார்

நாடாவில் ஒன்றுமே இல்லை என்றது பம்பாய்த் தந்தி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேச்சித்தாய் சங்கரன்கோவில் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடிவந்தாள். 1981 ஜூன் மாதம், மாலை நாலரை மணி.

உள்ளே வேறொரு ஆள் கத்திக்கொண்டிருந்தார். "ரெண்டு வாரமா புளியங்குடி பஸ்ஸ முந்தியே எடுத்துட்டுப் போறான் சார்!"

அவரை ஒருவழியாக அனுப்பிவிட்டுத் திரும்பினார் சப்-இன்ஸ்பெக்டர் அப்துல் மஜீது. "என்ன தாயி, திருட்டா?"

"திருடல சார். அழிச்சிருக்காங்க."

அழுதுகொண்டே சொன்னாள். எங்கோ தொலைவில் ஒரு குவாசார், நட்சத்திரம்போலத் தெரியும் பேரொளி. வழியில் நிற்கும் ஒரு விண்மீன் மண்டலத்தின் எடை அதன் ஒளியை வளைப்பதால் ஒன்றே இரண்டாகத் தெரிகிறது. அதன் எக்ஸ்ரே நம் காற்றைத் தாண்டாது. விண்ணில் சுற்றும் தொலைநோக்கிதான் பிடிக்கும். அப்படிப் பிடித்ததை அமெரிக்காவில் ஒன்றரை வருடம் கணக்குப் போட்டு ஒரு கம்ப்யூட்டர் நாடாவில் கொண்டுவந்திருந்தாள்.

"இன்னொரு காப்பி?"

"அங்கன இருந்த ரீல்ல வேற ஆளு எழுதிட்டாங்க சார். திரும்ப எடுக்கலாம்னா தொலைநோக்கி ஏப்ரல்லயே செத்துப்போச்சு. வெறும் டேப்ப அனுப்பி ஏமாத்துதேன்னு சொல்லுதாங்க. இத நம்பித் தந்த பம்பாய் ஆராய்ச்சி வேலை போச்சு. வேற எவன் என்னைச் சேப்பான்?"

ஐந்து மணிக்கு மஜீது அவள் வீட்டில் இருந்தார். தாய் இல்லாத வீடு. அப்பா பரமசிவன் பஸ் ஸ்டாண்டில் மணி பார்த்து பஸ்களைக் கிளப்பிவிடும் டைம் கீப்பர். அண்ணன் இசக்கிப்பாண்டி மைக்செட் வாடகைக்கு விடுபவன். பம்பாய்க்கு அனுப்பும்வரை நாடா பீரோவில் பூட்டிக் கிடந்தது. சாவி சுவர் ஆணியில் தொங்கியது.

"எதுனால அழியும்?"

"காந்தத்தால. பக்கத்துல கொண்டு போயிராதீங்கன்னு ரெண்டு பேருட்டயும் சொன்னேன்."

மஜீது பீரோவைத் திறந்தார். நாடா இருந்த தட்டில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. எடுத்தால், ஒட்டிக்கொண்டு இன்னும் நாலைந்து வந்தன. கூடத்து மூலையில் பழைய ஸ்பீக்கர்களும், கழற்றிப் போட்ட வட்டக் காந்தங்களும் குவிந்திருந்தன.

"என்னைய எதுக்கு சார் பாக்கீங்க?" இசக்கிப்பாண்டி சீறினான். "தங்கச்சி பொழப்புல நானா மண்ணப் போடுவேன்?"

"அந்தக் காந்தத்த எடு."

அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தான்.

பரமசிவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு எழுந்தார். "ஆறாகப் போவுது. டூட்டிக்குப் போணும் சார்."

"உக்காருங்க அண்ணாச்சி. மணி அஞ்சேகால்தான்."

மஜீது அவர் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைப் பார்த்தார்.

"மைக்செட்டுக்காரன் காந்தத்தத் தொடுமுன்ன வாட்சக் கழட்டிருவான். அது கைப்பழக்கம். உங்களுக்கு அது தெரியல. வாட்சோடயே காந்தத்தத் தூக்கி டேப்புல தேச்சிருக்கீங்க. காந்தம் ஏறுன வாட்ச் வேகமா ஓடும். காலைல ரேடியோ கேட்டுத் திருப்புனாலும் சாயங்காலம் முந்திருது. புளியங்குடி பஸ்ஸும் கூடவே முந்துது. ரிப்பேருக்குக் குடுத்தா கடைக்காரன் காந்தம்னு சொல்லிருவான்னு பயந்தீங்க. டேப்ப அழிச்சது நீங்கதான்."

பரமசிவன் தலையில் அடித்துக்கொண்டார். "ஆமாய்யா. இவ ஆத்தா சாவுக்குக்கூட வர முடியல. இந்தத் தடவ போனா எனக்குக் கொள்ளி வைக்கைலயும் இருக்க மாட்டா. டேப்பு இல்லன்னா இங்கனயே இருந்துருவான்னு..." மகள் பக்கம் திரும்பினார். "மறுபடி எடுக்க முடியாதா மக்கா?"

"அந்த ஒளி ரெண்டு பாதையில வருதுப்பா. ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்தி. போனதே இன்னொரு தடவ வரும்."

கிழவர் முகம் மலர்ந்தது. "அப்பம் வரட்டுமே!"

"வரும். பாக்கதுக்குத்தான் மேல தொலைநோக்கி ஒண்ணுமில்ல."

"கேஸ் எழுதவா தாயி?" என்றார் மஜீது.

அவள் தந்தியைச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

"வேண்டாம் சார். எங்கப்பா கேட்டது கெடச்சிட்டு. நான் எங்கயும் போகல. போக எடமில்ல." அப்பாவைப் பார்க்காமலேயே சொன்னாள். "டூட்டிக்குப் போங்கப்பா. பஸ்ஸயாவது நேரத்துக்கு விடுங்க."