உள்வாங்கிய அம்பாரம்

நெல் அம்பாரத்தின் அடியை ஒட்டிக் காலையில் நல்லையா போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு, மதியம் வந்து பார்க்கும்போது அம்பாரத்தை விட்டு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது.

குனிந்து பார்த்தார். கோடு அழியவில்லை, யாரும் மாற்றிப் போடவுமில்லை. கொட்டி வைத்த நெல் தன் பாரத்தில் முன்னால்தான் சரியும். ரங்கூன் பசுண்டான் ஓடைக்கரை ஆலையில் பதினோரு வருஷமாக அதைக் கவனிப்பதுதான் அவர் வேலை. ஒரு கூடை நெல்கூட அள்ளாமல் அம்பாரம் பின்னால் போய் அவர் பார்த்ததேயில்லை.

அது 1924ஆம் வருஷத்து ஆடி மாதம். பத்து நாளாக மழை விடவில்லை. நெல் கொட்டி வைக்கும் மூன்றாம் கிட்டங்கியின் தகரக் கூரை ஒழுகி, த்வாண்டேயிலிருந்து படகில் வந்த நெல் நனைந்து, மேலே பொருக்குத் தட்டியிருந்தது. பொருக்குக்கு அடியில் நெல் இறங்கிக் குழிந்து போயிருந்தால், கீழே நின்று அள்ளுகிறவன் தலையில் மொத்தச் சரிவும் வந்து விழும். கத்தக்கூட நேரமிருக்காது. அதனால் நல்லையா மேலே ஏறி, மூங்கில் கழியால் குத்திப் பார்த்து, "இறங்கலாம்" என்று சொன்ன பிறகுதான் கூலியாட்கள் உள்ளே வருவார்கள்.

வாசலில் கங்காணி ரெங்கசாமி இருபது ஆட்களோடு நின்றான்.

"என்ன மேஸ்திரியண்ணே, இறங்கலாமா? கப்பல் நிக்குதுன்னு துரை ரெண்டு தடவை ஆள் விட்டுட்டாரு."

"பொறுப்பா. சத்தம் சரியில்ல."

"மழைச் சத்தந்தானே?"

நல்லையா தலையைச் சாய்த்துக் கேட்டார். தகரத்தில் அடிக்கும் மழைக்கு அடியில், புளித்த நெல்லின் நாற்றமும் தொண்டையை அரிக்கும் சுணையும் மண்டிக்கிடந்த அந்த இருட்டுக்குள், மணிகள் ஒன்றோடொன்று உரசி எங்கேயோ ஆழத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் சரசரப்பு அவருக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் இறங்கும், நிற்கும், யாரோ காதுகொடுத்துக் கேட்பது போல அமைதியாகும், மறுபடி இறங்கும்.

பலகையைப் போட்டு ஏறினார். கழியைச் செருகினார். ஒரு முழம் போய்க் கெட்டியாக நின்றது. நாலடி தள்ளிச் செருகினார். ஆளுயரக் கழி தடையில்லாமல் உள்ளே போனது. உருவித் தொட்டார். முனை சுட்டது. நனைந்த நெல் சுடும், அது அவருக்குத் தெரியும்.

மூன்றாவது இடத்தில் கழி எதன்மேலோ மெத்தென்று தட்டியது.

பிறகு அது விலகிக்கொண்டது.

நல்லையா வாசல் பக்கம் திரும்பினார். "ரெங்கசாமி! ஆளுகளை எண்ணு."

"இருபதும் இங்கதாண்ணே இருக்கு."

"ஆலையில வேற யாரையாவது காணோமா?"

"யாருமில்ல. ஏண்ணே?"

"ஒருத்தனையும் உள்ள விடாதே. துரை வந்தாலும் சரி. நான் சொன்னேன்னு..."

பொருக்கு உடைந்தது.

மார்புவரை போய்விட்டார். நெல் விலாவை நெரித்தது. பலகையைப் பிடித்தார். ரெங்கசாமி கயிற்றை வீசினான். அக்குளில் சுற்றிக்கொண்டார். அப்போதுதான் தெரிந்தது: இடுப்புக்குக் கீழே நெல் இல்லை. கால்கள் காற்றில் தொங்கின. உள்ளங்காலில் சூடாக ஏதோ பட்டது. விட்டது. பட்டது. விட்டது.

மூச்சு.

"இழுங்கடா!"

இருபது பேரும் இழுத்தார்கள். கயிறு உரசித் தோல் உரிந்து, கிட்டங்கிக்கு வெளியே சேற்றில் வந்து விழுந்தார். கதவைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ரெங்கசாமி கதவில் கைவைத்தவன் அப்படியே நின்றான். "அண்ணே, அங்க பாருங்க."

சரிவின் நடுவில் ஒரு பிடி நெல் மேலே எழும்பிச் சிதறியது. அதே இடத்தில் இன்னொரு பிடி. உள்ளிருந்து யாரோ தோண்டித் தள்ளுவது போல.

"ஐயோ, உள்ள ஆளு மாட்டிக்கிட்டிருக்கு!" ரெங்கசாமி பாய்ந்தான். நல்லையா அவன் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஆளு யாரும் குறையலடா," என்றார். "யாருமே குறையல."

பக்கத்தில் இன்னொரு இடத்தில் நெல் எழும்பியது. அதற்கு மேலே ஒன்று. சுவரோரம் மூன்று. பிறகு உச்சியிலிருந்து அடிவரை, அம்பாரம் முழுக்க, பிடி பிடியாக, அவசரமில்லாமல், வெளியே வந்துகொண்டிருந்தது.