காலியாக விட்ட கட்டம்

முதலில் வந்தது வாசனைதான். மருந்து நெடியும் ஈரச் சுவரின் பூஞ்சை நெடியும் கலந்து கிடந்த அந்த ஆஸ்பத்திரி அறையில், மத்தியான மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தபோது, யாரோ பக்கத்தில் நின்று கிராம்பு மெல்வது போல ஒரு வாசனை மெல்ல வந்து அவன் மூக்கில் ஏறியது. கட்டிலில் மகள் நிமோனியாக் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். வேறு யாரும் இல்லை.

அவன் தலைமாட்டுத் திரையைப் பார்த்தான். மகளின் ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்று நாலு. நல்லது. அதற்குக் கீழே, 'இதற்குக் குறைந்தால் அலாரம்' என்ற கட்டத்தில் பூஜ்ஜியம்.

அந்தப் பூஜ்ஜியத்தை அவனுக்குத் தெரியும். பெற்றவனுக்குப் பிள்ளையைத் தெரியாதா?

சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரன். இந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் படிவங்களை ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவன் அவன்தான். எண் கேட்கும் கட்டத்தை யாராவது காலியாக விட்டால், அதை எண்ணாக மாற்றப் போன இடத்தில் ஜாவா முரண்டு பிடிக்கும். பக்கமே செத்துப்போய் நிற்கும். காலி என்றால் 'தெரியாது' என்று வைத்துக்கொண்டு, எண்ணைப் போடும்வரை படிவத்தை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? காலியா, பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள். ஒரே வரிதான். பக்கம் ஓடியது, மேலாளரும் தோளில் தட்டிக்கொடுத்தார்.

இந்த வார்டு நர்ஸுகளுக்கோ காகித அட்டைக் காலத்துப் பழக்கம் ஒன்று. கட்டத்தைக் காலியாக விட்டால் வழக்கமான அளவு என்று அர்த்தம். வழக்கமான அளவு தொண்ணூறு. பல்வலிக்குக் கிராம்பு அடக்கிக்கொண்டே வளைய வரும் ஒரு நர்ஸ், எல்லாருக்கும் கிராம்பு சிஸ்டர், அப்படித்தான் ஒரு நாள் காலியாக விட்டாள். இதே அறையில் ஒரு இளம் தாய் மூச்சுத் திணறிச் செத்துப்போனாள். அலாரம் வாயே திறக்கவில்லை.

விசாரணையில் கிராம்பு சிஸ்டர் அவனைத்தான் பார்த்தாள்.

"நான் காலியாத்தான் விட்டேன் சார். பூஜ்ஜியம் போடவே இல்லை. உங்களுக்குத் தெரியும்ல?"

அவனுக்குத் தெரியும். "மெஷின் பொய் சொல்லாதும்மா," என்றான். "நீங்க போட்டதுதான் அதுல இருக்கு."

அவளுக்கு வேலை போயிற்று. கொலைகாரி என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கடைசியில் இந்த ஆஸ்பத்திரி மாடியிலிருந்தே விழுந்து செத்தாள். அப்புறமாவது அந்த ஒரு வரியைத் திருத்தினானா? திருத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். நாமா இங்கே வந்து படுக்கப்போகிறோம் என்று இருந்துவிட்டான் மகராசன்.

இப்போது அந்தக் கட்டத்தில் தொண்ணூறு என்று அடித்தான். ஈர விரலால் யாரோ துடைப்பது போல எண் மெல்ல அழிந்தது. கட்டம் காலி. பிறகு பூஜ்ஜியம்.

மறுபடி அடித்தான். மறுபடி அழிந்தது.

ஆக்ஸிஜன் எண்பத்தாறு. எழுபத்தொன்பது. மகளின் உதடு நீலம் பூத்தது. அழைப்பு மணியை அழுத்தினான். ஓசை இல்லை. கதவுக் கைப்பிடி அசையவில்லை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸுகளின் பலகையில் எல்லா விளக்கும் பச்சை. அவன் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் மெல்லும் சத்தம்.

"தப்பு என்னோடதுதாம்மா," என்று அழுதான். "எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். பாப்பாவை விட்டுடு."

மெல்லும் சத்தம் நின்றது. எண் ஏறியது. எண்பது. தொண்ணூறு. உதட்டில் சிவப்பு திரும்பியது. கட்டத்தில் அவன் போட்ட தொண்ணூறு திரும்பி வந்து நின்றது. கதவு தானாகத் திறந்துகொள்ள, பணியிலிருந்த சின்ன நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"கூப்பிட்டீங்களா சார்? ஏதோ தப்புன்னு கேட்டுச்சு?"

மகள் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சொல்ல வாயைத் திறந்தான். நாக்குக்குப் பழகிய வழி ஒன்றுதான்.

"அலாரம் கட்டத்துல பூஜ்ஜியம் போட்டு வெச்சிருந்தீங்க சிஸ்டர். நான் பார்த்ததால ஆச்சு. இனிமே பார்த்துப் போடுங்க."

"நானா? நான் காலியாத்தானே சார் விட்டேன்?" அவள் முகம் சுண்டிப்போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

கதவு சாத்திக்கொண்டது.

கிராம்பு வாசனை. பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

கட்டம் காலி. பூஜ்ஜியம்.

அறுபது. நாற்பது. பதினொன்று. மகளின் நெஞ்சு ஏறவில்லை. அவளை அள்ளிப் பிடித்தான். சில்லென்றிருந்தாள்.

பூஜ்ஜியம். அலாரம் அடிக்கவில்லை. பூஜ்ஜியத்துக்கும் குறைந்தால்தான் அடிக்கும். அவன் எழுதியது அப்படி. அதற்குக் கீழே எந்த உயிரும் போகாது.

எண் இன்னும் இறங்கியது. மைனஸ் ஒன்று.

அலாரம் அலறியது. அவன் கைகளுக்குள், மூச்சில்லாத நெஞ்சோடு, மகள் கண்ணைத் திறந்தாள். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"நீங்க போட்டதுதான் அதுல இருக்கு சார்," என்றாள்.