கிணற்றடிச் சுவிட்ச்

மூன்றாவது முறை வாய் கொப்பளித்தபோது நிஸ்தாரின் நாக்கில் மெல்லிய ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டது. விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால், குளிக்கும் இடத்துச் சீமெந்துக் கட்டின்மேல் குந்தியிருந்தவர் இருட்டிலேயே விரலை வாய்க்குள் விட்டு அதைத் தடவி எடுத்தார். நீளமாக வந்தது. இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தபோது வழுக்கிச் சுருண்டு, ஆறிய பாலின் மேல் படியும் ஆடையைப் போல நசுங்கியது. மூக்கருகே கொண்டுபோனார். பச்சைக் குழந்தை கக்கிய பால் துணியில் ஒரு பகல் முழுக்கக் கிடந்து புளித்தால் எப்படி மணக்குமோ, அப்படி.

முதலில் தன் தோள் துண்டைத்தான் சந்தேகித்தார். நேற்று மாலை பேத்தியை அந்தத் தோளில் போட்டுத் தட்டியிருந்தார். துண்டை முகர்ந்தார், சவர்க்கார வாசனை மட்டும். பிறகு குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து முகர்ந்தார். அங்கேதான் இருந்தது.

நிறம், மணம், சுவை: தண்ணீரின் இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் அதில் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுழூ எடுக்கக்கூடாது என்று சிறு வயதில் மனப்பாடம் செய்தவர் அவர். அந்தப் பாடமே பிற்காலத்தில் வியாதியானது. ஒரு தொழுகைக்குப் பல தடவை வுழூ எடுப்பார். முழங்கை நனையவில்லையோ, குதிகால் விட்டுப்போனதோ என்று, தோல் வெடித்து இரத்தம் கசியும்வரை கழுவுவார். இது வஸ்வாஸ், ஷைத்தான் போடுகிற சந்தேகம், வந்தால் கண்டுகொள்ளாதீர்கள் என்று பள்ளி மௌலவி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பிறகுதான் ஒருவாறு மீண்டார். அன்றிலிருந்து தண்ணீரைப் பற்றி அவர் எதைச் சொன்னாலும் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"ஜெஸீமா, தண்ணியில பால் மணக்குது."

அவர் மனைவி குசினி அடுப்படியிலிருந்து தலையை நீட்டாமலே சொன்னாள். "நல்லம்தானே. டீக்குப் பால்மா வாங்கத் தேவையில்ல."

"விளையாட்டில்ல."

"வஸ்வாஸு திரும்ப வந்திட்டு. கண்டுகொள்ளாம போய்த் தொழுங்க."

போய்த் தொழுதார். நெற்றியைத் தரையில் வைத்தபோது, மூக்கில் ஏற்றிய தண்ணீரின் மிச்சம் உள்ளுக்குள் வழிந்து தொண்டையில் இறங்கியது. இலேசாக இனித்தது. ஓதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல், அவர் அதை விழுங்கினார்.

மகள் றிப்கா முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தபோதுதான் புதிய வைஃபை ரௌட்டரும் வந்திருந்தது. மருமகன் டோஹாவில், பிள்ளையை வீடியோவில் பார்க்க வேண்டும். நிஸ்தாரின் சகோதரி மகன் றினோஸ், கலேவெலயில் போன் கடை வைத்திருப்பவன், வந்து பூட்டிக் கொடுத்தான். எல்லாப் போனும் அதைப் பிடித்தது. கிணற்றடிச் சுவிட்ச் மட்டும் பிடிக்கவில்லை.

வெங்காயத் தோட்டத்துக்கென்று எப்போதோ வெட்டிய அகன்ற கிணறு அது, தென்னைகளைத் தாண்டி. நிஸ்தாரின் முழங்கால் தேய்ந்த பிறகு, வீட்டிலிருந்தபடியே போனில் மோட்டரைப் போடவும் நிறுத்தவும் றினோஸே முன்பு கொண்டுவந்து மாட்டிய மலிவுச் சுவிட்ச். மோட்டரிலிருந்து தண்ணீர்த் தாங்கிக்கு ஏறும் குழாய் குளிக்கும் இடத்துச் சுவர் வழியாகத்தான் போனது. அங்கேயே அதிலிருந்து ஒரு கிளை பிரித்துக் குழாய்த் தலை பூட்டியிருந்தார்கள்.

"மாமா, இந்த ரௌட்டர் டபிள்யூபிஏ-3ல நிக்குது. ஆகப் புதிய பூட்டு," என்றான் றினோஸ், போனைத் தடவிக்கொண்டே. "கிணத்தடியில ஈக்கிறது பழைய சாமான். அதுக்கு இந்தப் பாஷை விளங்காது. ரெண்டையும் கலந்து போட்டுப் பாத்தேன், அதுக்கும் மாட்டுதில்ல."

"அப்ப?"

"ரெண்டு பக்கமும் ஒத்துப்போகணும் மாமா. கீழ ஈக்கிறது மேல ஏறாது. மேல ஈக்கிறதுதான் கீழ இறங்கணும். டபிள்யூபிஏ-2ல மட்டும் போட்டா வரும்."

"இறக்கினா ஒண்ணும் ஆகாதா?"

"பழைய பூட்டும் பூட்டுத்தான். உங்கட வெங்காயத்த யாரு வைஃபைல வந்து களவெடுக்கப் போறான்?"

இறக்கினான். நிஸ்தார் மோட்டர்க் கொட்டிலுக்கு நடந்துபோய்ப் பார்த்தார். மினுங்கிக்கொண்டிருந்த பச்சைப் பொட்டு அசையாமல் எரிந்தது, விழித்துக்கொண்டதைப் போல.

அன்று தொட்டு மோட்டர் தானாக ஓடத் தொடங்கியது.

முதலில் ஜெஸீமா போட்டிருப்பாள் என்று நினைத்தார். அவள் றிப்கா என்று நினைத்திருந்தாள். சத்தமும் வழக்கமான சத்தமல்ல. செவ்விளநீரின் அடியில் மிஞ்சியதை ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சுகிறாற்போல ஓர் இழுவை, இடையில் ஒரு நிறுத்தம், மீண்டும் ஓர் இழுவை. ஓய்ந்த பிறகு தாங்கியைத் தட்டிப் பார்த்தால் முன்பைவிட வெறுமையாக ஒலித்தது. ஓடிய மோட்டர் தண்ணீர் ஏற்றியிருக்கவில்லை.

தண்ணீரில் பால் மணத்த அந்த வாரம், பிள்ளையை நிறுக்க வந்த மிட்வைஃப் மிஸ்ஸி தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளையைப் போட்டாள். முள்ளைப் பார்த்தாள். பிள்ளையை எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டாள். ஒரு மாதமாகியும் பிறந்தபோது இருந்த நிறைகூட இல்லை, இப்படியே போனால் மாத்தளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும், பிந்தினால் அவர்களாலும் ஏலாமல் போகலாம் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள்.

"குடிக்கிறா வாப்பா," என்றாள் றிப்கா. மார்பில் சட்டை ஈரமாகிக் கிடந்தது. அவளுக்குப் பாலுக்குக் குறைவில்லை. "ரெண்டு பக்கமும் குடிச்சு முடிக்கிறா. எங்க போகுதுன்னே தெரியல்ல."

"குடிச்ச கையோட வீரிட்டு அழுறா," என்றாள் ஜெஸீமா. "பைப்படிக்குக் கொண்டுபோனாத்தான் அடங்குறா. தண்ணிச் சத்தம் பிடிச்சிருக்கு போல. உங்கட பேத்தியல்லவா, வுழூ எடுக்காமத் தூங்கமாட்டாவாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நிஸ்தாரும் சிரித்தார். பிறகு பேத்தி ஸஹ்ராவைக் கையில் வாங்கினார். தொடைத் தோல் பெரியவர் சட்டை போட்டாற்போல மடிந்து தொங்கியது. சின்ன வாய் திறந்திருந்தது. குனிந்து முத்தமிடப் போனவர் அப்படியே நின்றார். அந்த வாயில் பால் மணக்கவில்லை. பாசி மணத்தது. மூடிக் கிடக்கும் தண்ணீரின் மணம், தவளை முட்டையின் மணம்.

சொன்னால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

கடைசியில் றினோஸுக்குத்தான் போன் எடுத்தார். மணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மோட்டர் தானாக ஓடுகிறது என்று மட்டும்.

"பக்கத்து வீட்டுப் பொடியன் எவனோ பாஸ்வேர்டைப் பிடிச்சிட்டான் போல," என்றான் அவன். "பழைய பூட்டுத்தானே. திரும்ப மூணுலயே போடுங்க மாமா. பாஸ்வேர்டையும் மாத்துங்க. கிணத்தடிச் சாமான் வெளிய நிண்டுடும். நீங்கதான் நடந்துபோய்க் கையால அமுக்கணும்."

"பரவாயில்ல. வெளியவே நிக்கட்டும்."

அவன் போனில் சொல்லச் சொல்ல, தடித்த விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினார். மூன்று மட்டும். சேமி. வீட்டிலிருந்த போன்கள் எல்லாவற்றிலும் தொடர்பு அறுந்தது. புதிய பாஸ்வேர்டைக் கொடுத்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கொட்டிலுக்குப் போனார். பச்சைப் பொட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. தேடிக்கொண்டிருந்தது. கிடைக்கவில்லை.

அன்று முழுவதும் மோட்டர் தானாக ஓடவில்லை. அன்று பைப்படியும் பலிக்கவில்லை. ஸஹ்ரா அழுது அழுது, அழுகை தேய்ந்து, கடைசியில் உம்மாவின் மடியிலேயே தூங்கிப்போனாள். நிஸ்தார் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நிறைந்து, இறுகி, சூடாக இருந்தது. வாயில் பால் மணத்தது. அன்றிரவு அவர் ஒரே ஒரு தடவை வுழூ எடுத்தார். தண்ணீர் தண்ணீராக இருந்தது.

மறுநாள் நல்ல வெயில். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற நேரம். ஜெஸீமா கடைக்குப் போயிருந்தாள். முன்பக்கத்தில் வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தவருக்கு அது கேட்டது.

ஓர் இழுவை. ஒரு நிறுத்தம். ஓர் இழுவை.

கத்தியைப் போட்டுவிட்டு வீட்டுப் பக்கத்து ஒழுங்கைப் பாதையால் கிணற்றடிக்கு நடந்தார். முழங்கால் குத்தியது. தென்னைகளுக்கு நடுவே காற்றே இல்லை. ஓர் ஓலைகூட அசையவில்லை. ஆனால் மணம் எதிரே வந்தது. புளித்த பால், அதற்குள்ளே ஏதோ இனிப்பு, வெயிலில் வெந்த இனிப்பு. கொட்டிலின் கதவில் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. வரிசையாக அல்ல, பூசியதைப் போல. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் தள்ளினார்.

பச்சைப் பொட்டு அசையாமல் எரிந்தது.

பாஷை விளங்காது என்று றினோஸ் சொல்லியிருந்தான். விளங்கியிருந்தது.

மெயின் சுவிட்ச்சைக் கீழே இழுத்தார். மோட்டர் நின்றது. போதாது என்று வயரையும் பிடித்து இழுத்துப் பிடுங்கினார். செம்புக் கம்பிகள் வெளியே வந்தன. எங்கிருந்தும் கரண்ட் இல்லை. பொட்டு எரிந்தது.

ஓர் இழுவை. ஒரு நிறுத்தம்.

சத்தம் மோட்டரில் இல்லை.

கிணற்றுக்குள் இறங்கும் பச்சை ஹோஸ் பாதி கண்ணாடி போன்றது. உள்ளே ஓடுவது மங்கலாகத் தெரியும். இவ்வளவு காலமும் அதில் தண்ணீர் மேலே ஏறுவதைத்தான் பார்த்திருக்கிறார். இப்போது வெள்ளையாக ஏதோ கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஹோஸ் ஒவ்வோர் இடமாக வீங்கியது. வீக்கம் நழுவி நழுவிக் கீழே போனது. பின்னால் இன்னொரு வீக்கம். தொண்டையில் விழுங்குகிறாற்போல.

விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தண்ணீர் தெரியவில்லை. கிணற்றின் அகலத்துக்கும் ஒரு தடித்த மஞ்சள் ஆடை படர்ந்திருந்தது. அதில் ஈக்கள் உட்கார்ந்திருந்தன. ஹோஸ் துளைத்துக்கொண்டு இறங்கிய இடத்தைச் சுற்றி அந்த ஆடை கூம்பியிருந்தது. சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது.

உதடு.

வாயைப் பொத்தினார். பொத்திய கையிலேயே வாந்தி வந்தது. விரலிடுக்கில் வழிந்ததைப் பார்த்தார். வெள்ளை. திரள் திரளாக. காலையில் அவர் குடித்தது வெறுந்தேநீர்.

மூன்று தடவை வாய். மூன்று தடவை மூக்கு. ஒவ்வொரு நாளும், ஐந்து வேளையும்.

அப்போதுதான் அது உறைத்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு வீட்டில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. இப்போது அழவில்லை.

ஓடினார். முழங்கால் மடங்கியது, எழுந்தார். தென்னை. தென்னை. மண்ணிலிருந்து வெளியே தெரிந்த குழாய் அவரோடு கூடவே வந்தது. அதுவும் வீங்கியது. வீங்கித் தணிந்தது. அவர் வந்த கிணற்றுப் பக்கம் நோக்கி.

"றிப்கா! பைப்ப விடு! புள்ளய எடு!"

குளிக்கும் இடத்தில் வெயில் வெள்ளையாக விழுந்திருந்தது. றிப்கா சீமெந்துக் கட்டின்மேல், காலை நீட்டி, பிள்ளையை ஏந்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பல நாள் தூக்கமில்லாத கண்கள் பாதி மூடியிருந்தன. அவரைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள்.

"ஷ்ஷ்... மெல்ல வாப்பா. இப்பதான் அடங்கினா. பாருங்களேன், எப்புடி ஒட்டிப் பிடிச்சிட்டு ஈக்கிறான்னு."

ஸஹ்ராவின் வாய் குழாயின் வாயோடு பொருந்தியிருந்தது. ஒரு மயிர் நுழைய இடமில்லாமல். கன்னங்கள் உள்ளே ஒட்டியிருந்தன. ஒட்டிக்கொண்டே போயின. திறந்த கண்கள் இரண்டும் நிஸ்தாரைப் பார்த்தபடி இருந்தன.

அவர் பாய்ந்து குழாயின் பிடியைப் பற்றி முறுக்கினார். முறுகவில்லை. குழாய் ஏற்கனவே இறுக்கி மூடித்தான் இருந்தது.

பிள்ளையின் தொண்டை அசையவில்லை. அசைந்தது குழாயின் கழுத்து.